பாராசூட் ரெஜிமெண்ட் போரில் எத்தனை தடவை குதித்திருக்கிறது?

ஜெசிநகர்_பயணி

தினமும் பெங்களூரு ஜெ.சி. நகர் வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். பாராசூட் ரெஜிமெண்ட் பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது. மெரூன் தொப்பிக்காரர்களைப் பார்க்காத நாள் இல்லை. போன வாரம் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த நண்பன் கேட்டான்: "இவங்க நிஜச் சண்டையில எத்தனை தடவை குதிச்சிருக்காங்க?" 1971 வங்கதேசப் போர், டாங்காயில் என்கிற ஊர் என்று பெருமையாகச் சொன்னேன். "அப்புறம்?" என்றான். எனக்கு அப்புறம் வரவில்லை.

பெயரே பாராசூட் ரெஜிமெண்ட். ஆனால் காஷ்மீரில் ஹாஜி பீர் கணவாயைப் பிடித்தது நடந்து ஏறி. கோவாவுக்குப் போனது தரை வழியாக. அப்படியானால் அந்தக் குடை எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டைக்கு இழுக்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன்.

கணக்கன்

சண்டைக்கு நான் இழுக்கிறேன், கவலைப்படாதீர்கள். என் கணக்கில் மூன்று. 1945-இல் பர்மாவின் எலிஃபண்ட் பாயிண்ட், 1951-இல் கொரியா, 1971-இல் டாங்காயில். கொரியாவில் குதித்தது 12 பேர். அவர்களும் மருத்துவக் குழு. எண்பது வருடத்துக்கும் மேலான வரலாற்றில் இவ்வளவுதான்.

குடியாத்தம்_ஃபௌஜி

வருகிறேன் தம்பி. பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். அந்த 12 பேரைப் பற்றி "இவ்வளவுதான்" என்று எழுதியதற்குத் தனியாகப் பதில் இருக்கிறது.

பழைய_பெட்டி

கணக்கன், மூன்று தப்பு. 1942-ஐ விட்டுவிட்டீர்கள். முதலில் இருந்தே வருகிறேன், கொஞ்சம் நீளும்.

1941 அக்டோபரில் டெல்லியில் 50-வது இந்திய பாராசூட் பிரிகேடு தொடங்கியது. மூன்று பட்டாலியன்கள்: 151 பிரிட்டிஷ், 152 இந்தியர், 153 கூர்க்கா. ஆள் இருந்தார்கள், குடை இல்லை. விமானமும் உருப்படியாக இல்லை. விக்கர்ஸ் வாலண்டியா என்று இரண்டு அடுக்கு இறக்கை வைத்த ஒரு பழைய வண்டி. அதன் தரையில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியாகத்தான் விழ வேண்டும். கதவெல்லாம் பிற்பாடு வந்த சொகுசு. கான்பூரில் பாராசூட் தொழிற்சாலை வந்ததும் அந்த நெருக்கடியில்தான்.

1941 அக்டோபர் 15, கராச்சி. முதன்முதலாகக் குதித்த இந்தியர்கள் இரண்டு பேர், இருவரும் 152-ஐச் சேர்ந்தவர்கள். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். இன்னொருவர் பட்டாலியன் டாக்டர், லெப்டினன்ட் ஏ.ஜி. ரங்கராஜ். அந்த 'ஏ' எதைக் குறிக்கிறது தெரியுமா? ஆற்காடு. இந்தியப் பாராசூட் படையின் முதல் குதிப்பில் நம்மூர் டாக்டர் ஒருவர் இருந்தார் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும் என்று பார்க்கத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

இப்போது 1942. சிந்துப் பகுதியில் கலகம் செய்த ஹூர்களைத் தேடிப் பாலைவனத்தில் ஒரு குழு இறக்கப்பட்டது. அடுத்து, பர்மாவின் மியிட்கினா பக்கம் வேவு பார்க்க ஒரு சின்னக் குழு குதித்தது. அவர்களை ஏற்றி வர விமானம் போக முடியாது, நடந்தே வெளியே வர வேண்டியதாயிற்று. ஆகஸ்டில் பர்மாவின் வடகோடியில் ஃபோர்ட் ஹெர்ட்ஸில் இன்னொரு சின்னக் குழு குதித்து, பாழடைந்த ஓடுதளத்தைச் செப்பனிட்டது. எல்லாம் சில்லறைக் குதிப்புகள்தான். ஆனாலும் எதிரி நடமாடும் இடத்தில் குதித்தவை.

கணக்கன்

சரி, ஆறு என்று திருத்திக்கொள்கிறேன். சில்லறையையும் சேர்த்து.

சுண்டல்

1947-இல் ஸ்ரீநகரில் குதித்தார்களே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

பழைய_பெட்டி

சுண்டல், யாரும் குதிக்கவில்லை. 1947 அக்டோபர் 27 காலை டகோட்டா விமானங்கள் ஸ்ரீநகர் ஓடுதளத்தில் தரையிறங்கின. இறங்கியவர்கள் 1 சீக்கிய ரெஜிமெண்ட். விமானத்தில் வந்ததாலேயே பாராசூட் என்று கதை கிளம்பிவிட்டது.

பாரா பிரிகேடு அந்தப் போரில் வேறு இடத்தில் இருந்தது. நௌஷேரா. பிரிகேடியர் முகமது உஸ்மான் 50-வது பாரா பிரிகேடின் தலைவர். பாகிஸ்தான் ராணுவத்துக்கு வந்துவிடு என்று அழைத்தும் போகாதவர். நௌஷேரா பக்கத்து ஜங்கர் என்ற ஊர் கை நழுவியதும், அதை மீட்கும்வரை கட்டிலில் படுக்க மாட்டேன் என்று தரையில் பாய் விரித்துப் படுத்தார். 1948 மார்ச்சில் மீட்டார். ஜூலை 3-ஆம் தேதி அதே ஜங்கரில் பீரங்கிக் குண்டு விழுந்து இறந்தார். டெல்லியில் ஜாமியா மில்லியா பக்கத்தில் கல்லறை இருக்கிறது. பாரா பிரிகேடின் ஆகப் பெரிய பெயர் அவருடையது. அந்தப் போரில் அந்த பிரிகேடு ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை.

ஜெசிநகர்_பயணி

அதைத்தான் கேட்கிறேன்! பெரிய சண்டைகள் எல்லாம் தரையில்தான் நடந்திருக்கின்றன.

பழைய_பெட்டி

ஆமாம், அதில் ஆகப் பெரியது 1944 மார்ச், சாங்ஷாக். மணிப்பூரில் உக்ருல் பக்கம் ஒரு நாகா கிராமம். குன்றின் மேல் ஒரு சர்ச்.

50-வது பிரிகேடு அங்கே போனது காட்டுப் போர்ப் பயிற்சிக்கு. ஜப்பானியப் படை இம்பாலுக்கும் கோஹிமாவுக்கும் வருவது உறுதியான நேரம், இவர்கள் அந்தப் பாதையில் நின்றார்கள். மார்ச் 19-ஆம் தேதி 152-இன் ஒரு கம்பெனி, முன்னால் இருந்த 7378 குன்றில் கிட்டத்தட்ட முழுதாக அழிந்தது. மிச்சப் படை சாங்ஷாக்கில் ஒண்டியது. முள்கம்பி கிடையாது. பாறைத் தரை, இடுப்பளவு குழிகூடத் தோண்ட முடியவில்லை. தண்ணீர் அளந்து கொடுத்தார்கள். விமானத்திலிருந்து போட்ட தண்ணீர், குண்டு, சாப்பாடு எல்லாம் பாராசூட்டில் மிதந்து பெரும்பாலும் ஜப்பானியர் பக்கமே போய் விழுந்தது. பாராசூட் படைக்கு வந்த பாராசூட்கள் எதிரிக்குச் சோறு போட்டதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

22 முதல் 26 வரை தாக்குப்பிடித்தார்கள். பிரிகேடுக்குச் சுமார் 600 பேர் சேதம். கடைசி இரவு, முடிந்தவர்கள் காட்டு வழியாக இம்பாலுக்கு நடந்தார்கள். நடுவில் கிடைத்த ஒரு பொருள்தான் முக்கியம். கொல்லப்பட்ட ஜப்பானிய அதிகாரியிடம் இருந்த வரைபடம். கோஹிமாவுக்குப் போகும் திட்டம் அதில் இருந்தது. பிரிகேடின் உளவு அதிகாரி எதிரி வளையத்தைக் கடந்து போய் அதை இம்பாலில் சேர்த்தார். அந்த ஒரு வாரத் தாமதத்தில்தான் கோஹிமாவும் இம்பாலும் மூச்சுவிட்டுக்கொண்டன.

பிரிகேடின் தலைவர் பிரிகேடியர் ஹோப்-தாம்சனுக்குக் கிடைத்த பரிசு, பதவி பறிப்பு. பிறகு பர்மா போரை நடத்திய தளபதி ஜெனரல் ஸ்லிம்மே பிரிகேடைப் பாராட்டித் தனி உத்தரவு போட்டார். அதற்குள் அந்த மனிதர் போய்விட்டார்.

1945 மார்ச் 1-இல் இந்தியன் பாராசூட் ரெஜிமெண்ட் என்று முறையாகப் பெயர் வந்தது. மே 1 காலை எலிஃபண்ட் பாயிண்ட், ரங்கூன் ஆற்றின் வாய். சுமார் 800 கூர்க்காக்கள் குதித்தார்கள். அங்கே இருந்த ஜப்பானியர்கள் மொத்தம் 37 பேர். எதிரி செய்ததைவிட நேசநாட்டு விமானங்கள் தவறிப் போட்ட குண்டுகள்தான் அதிக சேதம் செய்தன. ரங்கூனை ஜப்பானியர்கள் அதற்கு முன்பே காலி செய்துவிட்டார்கள். சிறைக் கூரையில் கைதிகள் 'ஜப்பானியர் போய்விட்டார்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அடுத்த வருடமே ரெஜிமெண்ட்டைக் கலைத்தார்கள். 1952 ஏப்ரலில் ஆக்ராவில் மறுபடி பிறந்தது. பஞ்சாப், மராத்தா, குமாவூன் ரெஜிமெண்ட்களிலிருந்து வந்த மூன்று பட்டாலியன்கள்தான் 1, 2, 3 பாரா. பெங்களூருக்கு மையம் வந்தது 1992-இல்.

கணக்கன்

என் வாதத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். குதிக்காத இடத்தில் வரலாறு படைத்தார்கள். குதித்த இடத்தில் 37 பேர்.

குடியாத்தம்_ஃபௌஜி

வந்துவிட்டேன். முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. 80-களில் ஆக்ராவில் பாரா ஃபீல்ட் ஆம்புலன்ஸில் நர்சிங் உதவியாளனாக இருந்தேன். துப்பாக்கியைவிட டிரிப் பாட்டிலை அதிகம் தூக்கியவன். அதனால் கொரியா எங்கள் வீட்டுக் கதை.

60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் 1950 நவம்பரில் கொரியா போனது. இந்தியா சண்டைக்கு ஆள் அனுப்பவில்லை, மருந்தும் கையும்தான் அனுப்பியது. தலைமை யார்? அதே ரங்கராஜ். இப்போது லெப்டினன்ட் கர்னல். போன சில நாளிலேயே சீனப் படை உள்ளே வந்து, எல்லோரும் பியோங்யாங்கைவிட்டு ஓடும் நிலை. இவர்களுக்கு வண்டி இல்லை. மருந்தையும் கருவிகளையும் எரித்துவிட்டுக் கிளம்பு என்றார்கள். விட்டுவிட்டுப் போனால் அடுத்த நாள் எதை வைத்து அறுவை செய்வது? நம் ஆட்கள் ஸ்டேஷனில் கேட்பாரற்று நின்ற ஒரு நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து பாய்லரை நிரப்பினார்கள். தெரிந்தவர்கள் ஓட்ட, சாமான் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு, பாலம் தகர்க்கப்படும் முன் தாண்டிவிட்டார்கள். ஆக்ராவில் புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் முதலில் சொல்லப்படும் கதை இது. குதித்த கதை அப்புறம்தான்.

அந்தக் குதித்த கதை, 1951 மார்ச் 23, முன்சான்-னி. அமெரிக்காவின் 187-வது வான்வழிப் படையின் 3,400 பேர் சொச்சத்துடன் நம் 12 பேர் குதித்தார்கள். எதிரி முகாமுக்குப் பின்னால் விழுந்து, குண்டடி பட்டவர்களுக்கு அங்கேயே அறுவை சிகிச்சை. கணக்கன் தம்பி, 12 என்பது சின்ன எண்தான். அடிபட்டுக் கிடப்பவனுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் இருக்கிறாரா என்பதுதான் அவன் கணக்கு. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்பு வேலைக்காக ஆப்கானிஸ்தான் மலைகளிலும் திரிந்தார். மனுஷனுக்கு வீட்டில் உட்காரும் வழக்கமே இல்லை போல.

கணக்கன்

ஐயா, 12 பேரைக் குறைத்து எழுதியது தப்புதான். திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கேள்வியை வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு டாக்டர் குழுவுக்காக முழு ரெஜிமெண்ட் தேவையா?

ஜெசிநகர்_பயணி

டாங்காயில் பற்றி யாராவது எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் அதுதான்.

பழைய_பெட்டி

1971 டிசம்பர் 11, மாலை. 2 பாரா, அதாவது பழைய மராத்தா பட்டாலியன், தலைவர் லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னு. ஆண்டனோவ்-12, பாக்கெட், டகோட்டா, கரிபூ என்று கையில் இருந்த எல்லா ரக விமானத்திலும் சுமார் 700 பேர். இலக்கு, லோஹஜங் ஆற்றின் மேல் பூங்லி பாலம். மைமன்சிங்கிலிருந்து டாக்காவுக்குப் பின்வாங்கும் பாகிஸ்தானின் 93-வது பிரிகேடை அங்கே வெட்ட வேண்டும். சில சாமான்கள் குளத்தில் விழ, ஊர் ஜனங்களே இறங்கி இழுத்துக் கரை சேர்த்தார்கள். அன்றிரவே பாலம் கையில். ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 16 காலை, மீர்பூர் பாலம் வழியாக டாக்காவுக்குள் முதலில் நுழைந்ததும் 2 பாராதான்.

எனக்குப் பிடித்த பகுதி வேறு. ராணுவத்தின் செய்தித் தொடர்பு அதிகாரி ஐ. ராமமோகன் ராவ். குதிப்பின் படம் வேண்டும் என்று பத்திரிகைகள் கேட்டன. கையில் படம் இல்லை. முன்பு ஆக்ராவில் முழு பிரிகேடும் குதித்த ஒத்திகைப் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒத்திகை என்று எழுதவில்லை, அவ்வளவுதான். வானம் முழுக்கக் குடை. உலகப் பத்திரிகைகளில் 5,000 பேர் இறங்கிவிட்டார்கள் என்று செய்தி. டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஸியின் நம்பிக்கை உடைந்ததில் அந்தப் படத்துக்கும் பங்கு உண்டு.

சுண்டல்

அப்போ ஃபோட்டோவிலேயே ஜெயிச்சிட்டாங்களா 😀

கணக்கன்

இன்னொரு பக்கமும் உண்டு. 2 பாரா இறங்குவதற்குள் அந்த 93-வது பிரிகேடில் ஒரு பகுதி டாங்காயிலைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. ஒரு நாள் முன்னால் குதித்திருந்தால் முழு மீனும் வலையில். அப்புறம், குதிப்பது எப்போதும் டாங்காயில் மாதிரி முடியாது. 1965 செப்டம்பரில் பாகிஸ்தான் 180 கமாண்டோக்களை பதான்கோட், ஆதம்பூர், ஹல்வாரா விமானத் தளங்கள் பக்கம் இரவில் இறக்கியது. பெரும்பாலோரைக் கிராமத்துக்காரர்களும் போலீஸும் சேர்ந்தே பிடித்துவிட்டார்கள். டாங்காயிலில் ஊர் நம் பக்கம் இருந்தது, பஞ்சாபில் ஊர் அவர்களுக்கு எதிரே இருந்தது. மேலிருந்து விழுகிறவனின் கதி கீழே இருக்கிற ஜனங்கள் கையில்.

கொக்குவிலான்

இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். கணக்கன் எழுதின கடைசி வரிக்காக எழுதுகிறேன்.

1987 ஒக்டோபர் 11 இரவு. நான் அப்ப பள்ளிக்கூடப் பெடியன். ஹெலிச் சத்தம் கேட்டு வீட்டில எல்லாரும் கட்டிலுக்குக் கீழே படுத்தோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்திய அமைதிப்படையின் 10 பாரா (பட்டாலியன் பெயர்) கமாண்டோக்களையும் 13 சீக்கிய இலகு காலாட்படையையும் இறக்கும் திட்டம். புலிகளின் தலைமையைப் பிடிப்பதுதான் நோக்கம். ஆனால் வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்டு அவர்கள் முன்பே ஆயத்தமாக இருந்தார்கள். 103 கமாண்டோக்களும் 30 சீக்கியப் படையினரும் இறங்கினதோடு ஹெலிகள் அடிவாங்கி, மிச்சப் பேர் வரவே இல்லை. அந்த 30 பேரில் 29 பேர் அங்கேயே முடிந்தார்கள். ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்கள் விடியும்வரை வீடுகளுக்குள்ளும் ஒழுங்கைகளுக்குள்ளும் (சந்துகளுக்குள்) நின்று சண்டை பிடித்தார்கள். ரோட்டில் கண்ணிவெடி என்று டாங்கிகள் தண்டவாளத்தால் வந்துதான் மீட்டன.

இந்தியப் பக்கத்தில் இதைத் தைரியக் கதையாக எழுதுகினம். தைரியம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரவும் அடுத்த நாளும் பிரம்படி ஒழுங்கையில் செத்த சனத்தை எந்த ரெஜிமெண்ட் வரலாற்றில் தேடுவது? அவர்கள் ஆயுதம் தூக்கினவர்கள் இல்லை. எங்கட ஊரில் இன்றைக்கும் வருடாவருடம் விளக்கேற்றுகிறார்கள். ரெஜிமெண்ட் வரலாறு என்று இழை தொடங்கினால் இதுவும் அதற்குள் வர வேண்டும். வேறொன்றும் இல்லை.

குடியாத்தம்_ஃபௌஜி

தம்பி, வர வேண்டும். வந்துவிட்டது. நான் அங்கே போகவில்லை, போய் வந்தவர்களுக்குக் கட்டுப்போட்டிருக்கிறேன். அந்த இரவைப் பற்றி அவர்கள் பேசினதே குறைவு. உங்கள் ஒழுங்கையைப் பற்றி ஒருவரும் பேசினதில்லை. இப்போது நீங்கள் சொல்லித்தான் பெயரே தெரிகிறது.

ஜெசிநகர்_பயணி

கொக்குவிலான் அண்ணா, எழுதினதற்கு நன்றி. இதற்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பழைய_பெட்டி

அடுத்த வருடமே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், அதிலும் ஈழத்து ஆட்கள் உண்டு. 1988 நவம்பர் 3, மாலத்தீவு. அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவு வணிகர், இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவான புளொட் இயக்கத்தின் ஆட்களை வைத்து மாலேயைப் பிடிக்கப் பார்த்தார். அதிபர் கையூம் உதவி கேட்க, அன்றிரவே ஆக்ராவிலிருந்து 50-வது பாரா பிரிகேடின் 6 பாரா இரண்டு ஐஎல்-76 விமானங்களில் கிளம்பியது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நிற்காமல் பறந்து, விளக்கு அணைந்த ஹுல்ஹுலே ஓடுதளத்தில் இறங்கினார்கள். குதிக்கவில்லை. தீவே ஒரு ஓடுதளம் அகலம்தான், காற்று கொஞ்சம் தள்ளினால் குடையோடு கடலில். ஹுல்ஹுலேயிலிருந்து படகில் மாலே. விடிவதற்குள் அதிபர் பத்திரம். கப்பலில் தப்பியவர்களைக் கடற்படை பிடித்தது.

கணக்கன்

மறுபடியும் குதிக்கவில்லை! பாருங்கள், 2016-இல் பாகிஸ்தான் பக்கம் இருந்த பயங்கரவாத முகாம்களைத் தாக்கிய நடவடிக்கைக்கும் பாரா சிறப்புப் படை நடந்துதான் எல்லை தாண்டியது. நான் ஒன்றும் இவர்களைக் குறை சொல்லவில்லை. குடைக்கு ஆகும் செலவை மட்டும் கேட்கிறேன்.

குடியாத்தம்_ஃபௌஜி

அந்த மாலத்தீவு விமானத்தில் நான் இல்லை. சாமான் ஏற்றி அனுப்பிவிட்டு நின்றவன். ஆனால் அன்றைக்கு நான் பார்த்ததில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. எங்கே போகிறோம் என்று முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. மாலே எங்கே இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. ஆனாலும் ஒருவனும் "எங்கே, எத்தனை நாள்" என்று முகம் சுளிக்கவில்லை.

பாராவுக்கு யாரையும் பிடித்துப் போட முடியாது. நீயாகக் கை தூக்க வேண்டும். வந்த பிறகு மூன்று மாதம் ஓடவிட்டு, தூங்கவிடாமல் அடித்து, கை தூக்கியதை நினைத்து வருந்த வைப்பார்கள். பெரும்பாலோர் பழைய யூனிட்டுக்குத் திரும்பிவிடுவார்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. தாண்டினவனை ஆக்ரா பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பி, மால்புரா மைதானத்தின் மேல் ஐந்து தடவை தள்ளுவார்கள், அதில் ஒன்று இரவில். அப்புறம்தான் மார்பில் இறக்கை.

என் பார்வையில் குடை என்பது சல்லடை. எதிரி மேல் போய் விழுவதற்கு அது பத்து வருடத்துக்கு ஒரு தடவைகூடப் பயன்படாமல் போகலாம். சிவப்பு விளக்கு பச்சையாகிறபோது கதவில் நிற்கிறவன் காலை எடுத்து வெளியே வைக்கிறானா இல்லையா என்பது ஒவ்வொரு தடவையும் தெரிந்துவிடும். சாங்ஷாக்கில் யாரும் குதிக்கவில்லை. ஆனால் அங்கே நின்றவர்கள் ஏற்கெனவே ஒரு தடவை அந்த ஓட்டை வழியாக விழுந்தவர்கள்.

கணக்கன்

இது நல்ல பதில், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சல்லடை வேண்டுமென்றால் மலை ஏற விடலாமே, கடலில் தள்ளலாமே, செலவு குறைவு. நீங்கள் விட்ட இன்னொரு காரணம் எனக்கு இதைவிட வலுவாகத் தெரிகிறது. ராமமோகன் ராவ் கொடுத்த படம். ஒரு படை வானத்திலிருந்து விழக்கூடும் என்று தெரிந்தாலே எதிரி பின்னால் இருக்கும் ஒவ்வொரு பாலத்துக்கும் விமானத் தளத்துக்கும் காவல் போட்டாக வேண்டும். குதிக்காமலே அவனுடைய ஆட்களைக் கட்டிப்போட்ட மாதிரி. அந்தப் படம் பொய்யென்றாலும், பின்னால் நிஜமாகவே ஒரு பிரிகேடு இருந்ததால்தான் நம்பினார்கள்.

பழைய_பெட்டி

கணக்கன் பாராசூட்டுக்கு ஆதரவாகப் பேசுகிறார். தேதியைக் குறித்து வையுங்கள்.

ஜெசிநகர்_பயணி

ஃபௌஜி ஐயா, கதவில் நிற்கும்போது பயமாக இருந்ததா?

குடியாத்தம்_ஃபௌஜி

முதல் தடவை இல்லை. என்ன நடக்கும் என்று தெரியாததால் சந்தைக்குப் போகிற ஆடு மாதிரி வரிசையில் போய் விழுந்துவிட்டேன். விமானத்தோடு கட்டியிருக்கும் பட்டை தானே இழுத்துக் குடையை விரித்துவிடும், நாம் செய்ய ஒன்றுமில்லை. இரவுக் குதிப்பில்தான் வயிறு கலங்கியது. தரை எப்போது வரும் என்று தெரியாது. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். குடையை மடித்தவர் யார் என்று அட்டையில் கையெழுத்து இருக்கும். அன்றைக்கு விமானம் ஏறும் முன் அந்தக் கையெழுத்தை மூன்று தடவை பார்த்தேன். முகம் தெரியாத அந்த ஆளுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். இறங்கியது ஒரு கடுகு வயலில். ஆனால் கால் ஊன்றும்வரை அது வயல் என்றே தெரியாது.

ஜெசிநகர்_பயணி

இந்த இழையை அப்படியே நண்பனுக்கு அனுப்பிவிட்டேன். முழுவதும் படித்துவிட்டு இப்போது அடுத்த கேள்வி அனுப்பியிருக்கிறான்: "சரி, குதிச்சுட்டாங்க. திரும்பி எப்படி வருவாங்க?"

குடியாத்தம்_ஃபௌஜி

நடந்துதான் தம்பி.